பழைய கிராமபோனைச் சரியாகப் பாட வைக்க: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கொங்கு நாட்டுப் பழைய வீடுகளில் அட்டாலியை ஒழுங்கு செய்யும்போது அப்புச்சி காலத்துக் கிராமபோன் ஒன்று வெளியே வருவது இன்றைக்கும் நடக்கிறது. சாவி கொடுத்துப் பார்ப்பார்கள். தட்டு சுற்றும். பாட்டு கரகரக்கும், இல்லாவிட்டால் இழுத்துக்கொண்டே போகும். "உள்ள என்னமோ போயிருச்சுங்க" என்று முடிவு செய்து, ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

அப்படிப்பட்ட பெட்டிகள் பெரும்பாலானவற்றில் எதுவும் போயிருக்காது. எண்ணெய் காய்ந்திருக்கும், ரப்பர் கல்லாகியிருக்கும், ஊசி மழுங்கியிருக்கும். கெட்டுப்போன பெட்டிகளைவிட, அவசரப்பட்டுத் திருகிக் கெடுத்த பெட்டிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதால் பிரித்துப் பார்க்க முதலில் பழகுங்கள். கை வைப்பது அதற்கு அப்புறம்.

கையில் இருப்பது என்ன பெட்டி?

எடிசன் 1877இல் செய்த ஃபோனோகிராஃப் உருளையில் பதிவது. அதற்கு ஊசி, வேகம், ஒலிபெருக்கும் பகுதி எல்லாமே வேறு. நம் பக்கத்து வீடுகளில் கிடைப்பது தட்டு போடும் கிராமபோன்தான். அதிலும் சூட்கேஸ் மாதிரி மூடித் தூக்கிக்கொண்டு போகிற ஹெச்.எம்.வி. போர்ட்டபிள்தான் அதிகம். 101 என்ற மாடல் 1925இல் வந்தது, 102 என்ற மாடல் 1931இல் வந்தது. புதிதாகத் தொடங்குபவருக்கு 102ஐவிட நல்ல பெட்டி இல்லை என்பது என் கருத்து. மோட்டார் உறுதியானது, உதிரிப் பாகங்களும் இன்னும் கிடைக்கின்றன.

பளபளக்கும் பித்தளைக் குழலும், எண்கோணப் பெட்டியும், பளிச்சென்று நாய்ப் படமும் இருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். அலங்காரத்துக்காக அண்மைக் காலத்தில் செய்து விற்கப்படும் போலிகள் பெரும்பாலும் இந்தத் தோற்றத்தில்தான் வருகின்றன. ஏதோ ஒரு பழைய போர்ட்டபிளின் மோட்டாரை எடுத்து உள்ளே வைத்திருப்பார்கள். குழலைத் தாங்கும் பின்பக்க முட்டு கனமாகவும் முரடாகவும் இருக்கும். ஊசித் தலையைத் தாங்கும் குழாய்க் கையான டோன் ஆர்ம் தட்டின் குறுக்கே ஒழுங்காக வராது. இதை எவ்வளவு சரிசெய்தாலும் ஓரளவுக்கு மேல் பாடாது, ரிக்கார்டையும் தேய்க்கும். வரவேற்பறையில் வைக்க வாங்கலாம், பாட்டுக் கேட்க வாங்காதீர்கள்.

ஊசியும் தட்டும்

பாதிக் குறைகள் இங்கேயே தீர்ந்துவிடும். எஃகு ஊசி தட்டின் ஒரு பக்கத்துக்கு ஒன்று. பாட்டு முடிந்ததும் அதைக் கழற்றித் தனி டப்பாவில் போட்டுவிடுங்கள். இதைக் கஞ்சத்தனம் பார்க்காமல் செய்ய வேண்டும். காரணம் இதுதான்: பழைய 78 சுற்று ரிக்கார்டு அரக்கில் கல்பொடி கலந்து செய்தது. அந்தப் பொடி முதல் சில சுற்றுகளிலேயே ஊசி முனையைத் தேய்த்துப் பள்ளத்தின் வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். பாட்டு முடிவதற்குள் முனையில் உளி போல ஒரு விளிம்பு உண்டாகும். அதே ஊசியை மறுபடி போட்டால் அந்த விளிம்பு பள்ளத்தின் சுவரைச் சீவும். அப்படிச் சீவிய ரிக்கார்டில் பள்ளம் சாம்பல் நிறமாக வெளுத்திருக்கும். அது திரும்ப வராது.

தடித்த ஊசி சத்தமாகப் பாடும், மெல்லிய ஊசி மென்மையாகப் பாடும். இந்தப் பெட்டியில் வால்யூம் என்பதே ஊசிதான். ஊசியை அது நிற்கும் வரை உள்ளே தள்ளி, பக்கத் திருகை விரலால் இறுக்கினால் போதும். குறடு வேண்டாம். முன்னாலிருந்து பார்த்தால் ஊசி நேராக நிற்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் தட்டு சுற்றும் திசைக்குச் சாய்ந்து, தட்டோடு ஏறத்தாழ 60 பாகைக் கோணத்தில் இருக்க வேண்டும்.

எல்.பி., 45 சுற்று வினைல் தட்டுகளை இதில் போடவே கூடாது. கிராமபோனின் தலை 100 கிராமுக்கு மேல் எடையோடு ஊசியை அழுத்துகிறது. வினைலின் நுண்பள்ளம் ஒரே தடவையில் அழிந்துவிடும்.

அரக்குத் தட்டைத் துடைக்க மென்மையான துணி, தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு போதும். பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள், நடுவில் இருக்கும் காகிதம் நனையக் கூடாது. ஸ்பிரிட், தின்னர், சானிடைசர் பக்கமே போகாதீர்கள். சாராயம் கலந்த எதுவும் அரக்கைக் கரைக்கும்.

மட்டம்

கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தைச் சுழல்தட்டின் மேல் வைத்து நீளவாக்கிலும் குறுக்கிலும் பாருங்கள். சாய்ந்திருந்தால் டோன் ஆர்ம் தானாக ஒரு பக்கம் நகரும், ஊசி பள்ளத்தின் ஒரே சுவரில் உராயும். அட்டைத் துண்டை முட்டுக் கொடுத்தாலே சரியாகிவிடும்.

இழுவை எங்கிருந்து வருகிறது?

"பாட்டு இழுக்குதுங்க" என்று சொல்லாதவர் இல்லை. ஆனால் இழுவை பல வகை. அதன் தாளத்தைக் கவனித்தால் இடம் தெரிந்துவிடும். இதற்கு நாகஸ்வரத் தட்டு ஒன்று இருந்தால் நல்லது. நீளமாக நிற்கும் ஒரே ஸ்வரத்தில் சிறு அசைவும் காதில் விழும்.

நொடிக்கு ஒரு தடவைக்குச் சற்று அதிகமாகச் சுருதி ஏறி இறங்கினால், அது தட்டின் சுற்றோடு சேர்ந்த குறை. நிமிடத்துக்கு 78 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு முக்கால் நொடி ஆகும். டோன் ஆர்மைப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் அது இடமும் வலமும் ஆடினால் ரிக்கார்டின் துளை நடுவில் இல்லை. மேலும் கீழும் ஆடினால் ரிக்கார்டு வளைந்திருக்கிறது. இரண்டுமே மோட்டாரின் குற்றம் அல்ல. வேறு தட்டு போட்டாலும் அதே ஆட்டம் வந்தால் நடு அச்சு வளைந்திருக்கலாம்.

குரல் நடுங்குவது போல வேகமாக அதிர்ந்தால், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைப் பார்க்க வேண்டும்.

சில நொடிகளுக்கு ஒரு தடவை உள்ளே 'தொம்' என்று சத்தம் வந்து பாட்டு ஒரு குலுங்கு குலுங்கினால், ஸ்பிரிங்கின் கிரீஸ் காய்ந்து, சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒட்டி விடுபடுகின்றன.

தொடக்கத்தில் சரியாகப் பாடிப் பாட்டு முடிவதற்குள் மெல்ல மெல்லத் தளர்ந்தால், சாவி போதவில்லை, இல்லையென்றால் மோட்டார் முழுக்க எண்ணெய் இல்லாமல் காய்ந்து கிடக்கிறது.

மோட்டாரைத் திறக்கும் முன்

ஸ்பிரிங்கில் சாவி இருக்கும்போது மோட்டாரின் எந்தப் பாகத்தையும் கழற்றக் கூடாது. ரிக்கார்டை எடுத்துவிட்டு, பிரேக்கை விடுவித்து, சுழல்தட்டு தானாக நிற்கும் வரை ஓட விடுங்கள். நின்ற பிறகு கையால் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, இழுப்பு எதுவும் மிச்சமில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சாவி இருக்கும்போது கவர்னரைக் கழற்றினால், ஸ்பிரிங்கின் மொத்த பலமும் தடையில்லாமல் ஒரே மூச்சில் வெளியேறும். பல் சக்கரங்கள் உடையும், விரலும் மாட்டும்.

மோட்டார் பலகையைத் தூக்குவதற்கு முன்னும் பின்னும் செல்போனில் நிறையப் படம் எடுத்து வையுங்கள். எந்தத் திருகு எங்கே இருந்தது என்று எழுதிய காகிதத்தில் அந்தத் திருகையே குத்தி வைப்பது இன்னும் நல்லது.

கோவை, திருப்பூர்ப் பக்கத்துப் பெட்டிகளில் ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். மில், பனியன் கம்பெனி இருக்கும் ஊர்களில் பஞ்சு காற்றிலேயே இருக்கிறது. அது எண்ணெயில் ஒட்டி, கவர்னரின் அச்சில் நூல் சுற்றியது போலச் சுற்றிக்கொள்ளும். வெளியிலிருந்து தெரியாது. இடுக்கியால் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் கருத்த திரியாக வரும். அதை எடுத்ததுமே நடுக்கம் நின்றுபோன பெட்டிகள் உண்டு.

பழைய எண்ணெயைச் சிறு பிரஷ்ஷில் மண்ணெண்ணெய் தொட்டுக் கழுவி, துணியால் ஒற்றி, நன்றாகக் காய விடுங்கள். பெட்ரோல் வேண்டாம். அப்புறம் எண்ணெய். தையல் மெஷின் எண்ணெய் போதும். நடு அச்சு நுழையும் மேல் துளை, அது உட்காரும் அடிக்குழி, கவர்னரின் இரு முனைகள் ஆகிய இடங்களில் ஒவ்வொரு சொட்டு. குண்டூசி முனையில் தொட்டு வைத்தால் அளவு தவறாது. கவர்னர் அச்சில் திருகுப் புரி போல வெட்டிய திருகுப் பல் இருக்கும் இடத்தில் மெல்லிய கிரீஸ், சாவி சுற்றும் பெரிய பல் சக்கரத்தில் கொஞ்சம் கெட்டியான கிரீஸ். நம் வீடுகளில் எதற்கும் தேங்காயெண்ணெய் விடுகிற பழக்கம் உண்டு. அது இங்கே ஆகாது. மார்கழிக் குளிரில் உறையும், கொஞ்ச நாளில் பிசினாகும். விளக்கெண்ணெயும் வேண்டாம், அதுவும் பிசினாகும்.

கவர்னர்

கிணற்றடி ஆயில் என்ஜினில் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கவர்னரைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ஓர் அச்சைச் சுற்றி மூன்று சிறு எடைகள், ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய தகட்டு ஸ்பிரிங்கின் நடுவில் இருக்கும். அச்சு வேகமாகச் சுற்றும்போது எடைகள் வெளியே விரிகின்றன. விரியும்போது முனையில் இருக்கும் வட்டத் தகட்டை இழுக்கின்றன. அந்தத் தகடு ஒரு சிறு தோல் அல்லது கம்பளித் துண்டில் உராய்ந்து வேகத்தைத் தடுக்கிறது. மேலே நீங்கள் திருப்பும் வேகக் குமிழ் அந்தத் துண்டை முன்னும் பின்னும் நகர்த்துகிறது, அவ்வளவுதான்.

துண்டு காய்ந்திருந்தால் 'கிரீச்' என்று சத்தம் வரும், வேகமும் நிலைக்காது. ஒரு சொட்டு எண்ணெய் ஊற விட்டு, மிச்சத்தை ஒற்றி எடுங்கள். கல்லாக இறுகியிருந்தால் அதே கனத்தில் புதிய துண்டு வெட்டி வையுங்கள். தகட்டில் துரு இருந்தால் மெருகேற்றும் பேஸ்ட்டால் தேய்த்து வழவழப்பாக்குங்கள்.

மூன்று ஸ்பிரிங்கும் ஒரே அளவில் வளைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று ஒடிந்திருந்தால் மூன்றையும் மாற்ற வேண்டும், மூன்றும் ஒரே கனத்தில் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் கனம் ஒரு பக்கம் சாய்ந்து நடுக்கம் அதிகமாகும். எடைகளின் திருகுகள் தளர்ந்திருந்தால் பூப்போல இறுக்குங்கள்.

அடுத்தது நுட்பமான வேலை. கவர்னரின் இரு முனைகளும் உட்காரும் புஷ்களைச் சிறு திருகுகள் பிடித்திருக்கும். பல மோட்டார்களில் இந்தப் புஷ்ஷின் துளை நடுவில் இருக்காது, சற்று ஒதுங்கி இருக்கும். புஷ்ஷைத் திருப்பினால் கவர்னரின் திருகுப் பல், சக்கரத்தின் பல்லுக்கு அருகே போகும், இல்லையென்றால் விலகும். மிக நெருங்கினால் மோட்டார் உறுமும், மிக விலகினால் கடகடக்கும். தொடுவதற்கு முன் புஷ்ஷும் சட்டமும் சேரும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். பிறகு மயிரிழை அளவு திருப்பி, கொஞ்சம் சாவி கொடுத்து, ஓட விட்டுக் கேளுங்கள். மறுபடி திருப்பும் முன் ஸ்பிரிங்கை இறக்கிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் இப்படித்தான். சலிப்பாக இருக்கும், ஆனால் பெட்டியின் நிதானம் இங்கேதான் அமைகிறது. கவர்னரின் அச்சு முன்னும் பின்னும் ஒரு காகிதக் கனம் மட்டும் அசைய வேண்டும். அசையவே இல்லை என்றால் இறுக்கம், அதற்கு மேல் அசைந்தால் தட்டும்.

ஸ்பிரிங் டப்பா

'தொம்' என்ற சத்தம் வருகிற பெட்டிக்கு ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, கழுவி, கிராஃபைட் கலந்த கிரீஸ் மெல்லிசாகப் பூசி மறுபடி சுற்ற வேண்டும். இதைப் புதியவர்கள் செய்ய வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்கிறேன். சாவி இறங்கிய பிறகும் டப்பாவுக்குள் அந்த எஃகு நாடா நெருக்கிச் சுருட்டப்பட்டுத்தான் கிடக்கிறது. மூடியைத் திறந்து இழுத்தால் கையையும் முகத்தையும் கிழிக்கும். பழைய சுவர்க் கடிகாரம் பார்க்கும் கைதேர்ந்தவர் பக்கத்தில் இருந்தால் அவரிடம் கொடுத்து, கூடவே இருந்து பாருங்கள்.

வேகம்

ஊசி தட்டில் ஓடும்போதுதான் வேகத்தை அளக்க வேண்டும். வெறும் தட்டு சுற்றும் வேகம் கணக்கில் வராது. ரிக்கார்டுக்கு அடியில் காகித நுனி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும்படி செருகி, 2 நிமிடம் எண்ணுங்கள். 156 வர வேண்டும். அரை நிமிடம் மட்டும் எண்ணினால் ஒரு சுற்றுப் பிழையே பெரிதாகிவிடும்.

இதைவிட நல்லது ஸ்ட்ரோப் தட்டு. கோடு போட்ட அந்த வட்டக் காகிதத்தை அச்செடுக்கும்போது, நம் நாட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கானதா என்று பாருங்கள். அதில் 77 கோடுகள் இருக்கும். 92 கோடுகள் இருப்பது அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்கானது, இங்கே பயன்படாது. சோக் வைத்த பழைய டியூப் லைட்டுக்குக் கீழே வைத்தால், வேகம் சரியாக இருக்கும்போது கோடுகள் நின்றுவிட்டது போலத் தெரியும். சுற்றும் திசையில் நகர்ந்தால் வேகம் அதிகம், எதிர்த்திசையில் நகர்ந்தால் குறைவு. இப்போதைய எல்.இ.டி. விளக்குகள் பலவற்றில் இது தெரியாது.

வேகக் குமிழுக்குக் கீழே எழுதியிருக்கும் 78ஐ நம்பாதீர்கள். எங்கே கோடு நிற்கிறதோ அங்கே குமிழை விட்டு, முள்ளை மட்டும் தளர்த்தி 78க்கு நேராகத் திருப்பி வையுங்கள். இதில் இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் உண்டு. 78க்குப் பதில் 82, 83 சுற்றினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளின் உச்சஸ்தாயிக் குரலை அப்படி ஓட விட்டால் கம்பீரம் போய்க் கீச்சென்று கேட்கும். நம் ஊர்க்காரரின் குரலை அவர் பாடியபடியே கேட்க வேண்டாமா? 1925க்கு முந்தைய தட்டுகள் எல்லாமே சரியாக 78இல் பதிந்தவை அல்ல. அவற்றுக்குச் சுருதிப் பெட்டியை வைத்துக் காதால் ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சவுண்டு பாக்ஸ்

மோட்டார் ஒழுங்காக ஓடியும் பாட்டு தகரம் அடிப்பது போல இருந்தால் குறை இங்கேதான், அதாவது ஊசி மாட்டும் வட்டத் தலையில். ஊசியின் அசைவு ஒரு சிறு தண்டு வழியாக நடுவில் இருக்கும் மெல்லிய சவ்வுக்குப் போகிறது. பழைய பெட்டிகளில் அது மைக்காத் தகடு, பின்னால் வந்தவற்றில் அலுமினியம். சவ்வின் ஓரத்தை இரண்டு பக்கமும் ரப்பர் வளையம் பிடித்திருக்கும். பல பத்தாண்டுகளில் அந்த ரப்பர் கல்லாகிவிடுகிறது. நகத்தால் அழுத்திப் பாருங்கள். பதியவில்லை என்றால் மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு பெட்டி பாடுவதைக் கேட்கும்போதுதான் இவ்வளவு காலம் என்ன இழந்தோம் என்று தெரியும்.

அலுமினியச் சவ்வு இருக்கும் பாக்ஸ்களைப் புதியவர்கள் திறக்க வேண்டாம். சவ்வு தொட்டாலே நசுங்கும், தண்டு சிறு குண்டு பேரிங்குகளில் உட்கார்ந்திருக்கும், அவை உருண்டு ஓடினால் தேடிப் பிடிப்பது கடினம். மைக்கா பாக்ஸில் பழகலாம்.

மேசையில் வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். முதலில் சவ்வின் நடுவில் தண்டைப் பிடித்திருக்கும் சிறு திருகைக் கழற்ற வேண்டும். அதன் மேல் பழைய மெழுகு இருக்கும். சூடாக்கிய ஊசியால் மெழுகை இளக்கி எடுத்தால் திருகு எளிதாக வரும். அப்புறம் பின்தகட்டின் திருகுகள். சில பாக்ஸ்களின் வார்ப்பு உலோகம் காலப்போக்கில் உப்பி வெடித்திருக்கும். அப்படி விரிசல் தெரிந்தால் பலம் கொடுக்காமல் அதோடு நிறுத்திவிடுங்கள்.

பழைய ரப்பரைச் சுரண்டி எடுத்துப் பள்ளத்தைத் துடையுங்கள். மைக்காவின் ஓரம் வெளுத்து ஏடு ஏடாகப் பிரிந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டியதுதான். புது ரப்பருக்கு மென்மையான சிறு குழாய் வேண்டும். அளவு ஒத்து வந்தால் சைக்கிள் வால்வு டியூப் அவசரத்துக்கு உதவும், ஆனால் அது சீக்கிரம் இறுகிவிடும். வளையத்தின் இரு முனைகளையும் புது பிளேடால் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமலும் இடைவெளி விடாமலும் சேர வையுங்கள். மைக்கா சுவரில் எங்கும் முட்டாமல் சரியாக நடுவில் உட்கார வேண்டும். பின்தகட்டின் திருகுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். சவ்வைப் பிடித்தால் போதும், நசுக்கக் கூடாது.

இப்போது முக்கியமான கட்டம். நடுத்திருகைப் போடுவதற்கு முன் தண்டின் நுனி எங்கே நிற்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். மைக்காவின் நடுவைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். தள்ளிக்கொண்டு நின்றாலோ, இடைவெளி விட்டு நின்றாலோ, தண்டைப் பிடித்திருக்கும் சிறு ஸ்பிரிங்குகளின் திருகுகளை ஒன்றைத் தளர்த்தி மற்றொன்றை இறுக்கிச் சரிசெய்யுங்கள். இப்படிச் செய்யாமல் நடுத்திருகால் வலுக்கட்டாயமாக இழுத்துச் சேர்த்தால், சவ்வு எப்போதும் ஒரு பக்கம் வளைந்தே இருக்கும், சத்தமான இடங்களில் எல்லாம் பிளிறும். நிலை சரியானதும் நடுத்திருகைப் போட்டு, இரு பக்கமும் தேன்மெழுகு ஒரு பொட்டு உருக்கி வையுங்கள். மெழுகு இல்லாவிட்டால் அந்த இடத்திலிருந்துதான் கரகரப்பு தொடங்கும். சத்தியமங்கலம் மலைப்பக்கம் தேன் எடுப்பவர்களிடம் சுத்தமான மெழுகு கிடைக்கும். பாரஃபின் மெழுகு உதிரும், அது வேண்டாம்.

டோன் ஆர்மும் குழலும்

டோன் ஆர்ம் லேசாகத் திரும்ப வேண்டும், அதே சமயம் மூட்டுகளில் காற்று கசியக் கூடாது. கசிந்தால் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் காணாமல் போகும். மூட்டில் கெட்டியான வாசலின் தடவினால் இரண்டுக்கும் ஆகும். போர்ட்டபிளில் குழல் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். தோட்டத்து வீடுகளில் இருந்து வரும் பெட்டிகளில் குளவி மண்கூடு கட்டியிருப்பது சகஜம். வளையும் கம்பியில் துணி சுற்றி மெல்ல உடைத்து வெளியே கொட்டுங்கள்.

வைத்துக்கொள்ளும் முறை

முதல் ஓட்டத்துக்குக் கீறல் விழுந்த தட்டையே போடுங்கள். நல்ல தட்டு, பெட்டி நிதானமான பிறகு. பாட்டுக் கேட்டு முடித்ததும் ஸ்பிரிங்கை இறக்கிவிட்டே மூடுங்கள், ஊசியையும் கழற்றிவிடுங்கள். ரிக்கார்டுகளைப் புத்தகம் போல நிமிர்த்தி அடுக்குங்கள். கரூர், ஈரோட்டு வெயிலில் படுக்கவைத்து அடுக்கினால் வளைந்துவிடும். ஆடிக் காற்று அடிக்கும் மாதங்களில் பெட்டியின் மேல் துணி உறை போட்டு வையுங்கள்.

புஷ், சாவிக் கம்பி, திருகு போன்றவை தேய்ந்திருந்தால் வெளியூரில் தேடி அலைய வேண்டியதில்லை. கோவையில் கணபதி, பீளமேடு, சிங்காநல்லூர்ப் பக்கத்து லேத் பட்டறைகளில் பம்ப் செட்டுக்கு இதைவிட நுணுக்கமான வேலை நடக்கிறது. தேய்ந்த பாகத்தை மட்டும் கொண்டுபோகாமல், அது உட்காரும் பாகத்தையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். பழைய ஆங்கிலேயத் திருகுகளின் புரி இன்றைய மெட்ரிக் அளவில் இருக்காது. பட்டறைக்காரர் இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தால்தான் அளவு சரியாக அமையும்.